பதவியும் பாதுகாப்பும் – சித்தூரும் திருப்பதியும் தரும் பாடம்



நான் எழுத்தாளன் அல்லன். பொறியியல் பட்டயப் படிப்பு முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி பாகாலா, சித்தூர், திருப்பதி என்று ஆந்திராவின் தமிழ் எல்லைப் பகுதியிலேயே கழிந்தது. இப்போது இங்கே அமெரிக்காவில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன்.

நம் மலரின் படிப்பு வட்டப் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, ரயிலைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக் கல்விக் குழுத் தேர்தலில் நிற்கும்படி என் மகளைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் வந்து, "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், 30 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை இன்னொரு பெண் என்னிடம் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில் இன்றுவரை என் மனத்தில் முள்ளாக இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடத்துக்கு வருவோம்.

1. ஊரை அறிவோம்

சித்தூர் நமக்கு அயலூர் அன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, வட ஆற்காட்டின் தாலுகாக்கள் சில அதில் சேர்ந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. இன்றும் சித்தூர்க் கடைவீதியில் தமிழில் விலை கேட்கலாம், தமிழிலேயே பேரம் பேசலாம்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை தர முதலில் முன்வந்தது சென்னை மாகாணம், ஆண்டு 1921. சொத்துத் தகுதி போன்ற கட்டுப்பாடுகள் இருந்தன என்றாலும், பெண் என்பதற்காக மட்டும் ஒருவரை விலக்கக்கூடாது என்பது ஏற்கப்பட்டது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். சித்தூரும் திருப்பதியும் அந்த மாகாணத்தின் பகுதிகள். ஆகவே, "பெண்கள் பொதுவாழ்வுக்கு வருவது நம் பக்கத்து வழக்கம் இல்லை" என்று எவரேனும் சொன்னால், அவருக்கு வரலாறு தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

2. சட்டம் என்ன தந்தது?

1993இல் அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. முதலாவது ஊராட்சிகளுக்கு, இரண்டாவது நகராட்சிகளுக்கு. இரண்டிலும், நேரடித் தேர்தலால் நிரப்பப்படும் இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பெண்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். ஆந்திரம் 2011இல் ஊராட்சிகளில் இதைப் பாதியாக உயர்த்தியது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சி அமைப்புகளில் பாதியாக்கச் சட்டம் செய்தது.

மேலே போகப் போக நிலைமை வேறு. 2024 பொதுத் தேர்தலில் மக்களவைக்கு வந்த பெண்கள் 543 பேரில் 74. நூற்றுக்குப் பதினான்கு கூட இல்லை. 2023 செப்டம்பரில் 106ஆவது திருத்தம் நிறைவேறி, மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று எழுதப்பட்டது. மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. ஆனால் அதற்குப் பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதிகளும் மறுவரையறை செய்யப்பட்ட பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே நிபந்தனை வைக்கப்பட்டது. வண்டிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, பாதை இனிமேல்தான் போட வேண்டும் என்றது போல.

ஆக, பெண்களுக்கு உண்மையில் கதவு திறந்திருப்பது உள்ளாட்சியில்தான். அங்கே நுழைந்த ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

3. 2015 நவம்பர் 17

சித்தூர் நகராட்சி, மாநகராட்சியாக உயர்ந்தபின் 2014இல் முதல் தேர்தல் நடந்தது. தெலுங்கு தேசம் கட்சியைச் சேர்ந்த கட்டாரி அனுராதா முதல் மேயரானார். அவருடைய கணவர் மோகனும் அதே கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர்.

2015 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. மாநகராட்சி அலுவலகம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. மனு கொடுக்க வந்தவர்கள், வரி கட்ட வந்தவர்கள் என்று ஆள் நடமாட்டம். பர்தா அணிந்து வந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. மேயரைப் பார்க்கப் பெண்கள் வருவதில் என்ன வியப்பு? வந்தவர்கள் பெண்களல்லர். மேயரின் அறையிலேயே அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார். மோகன் வெட்டப்பட்டு அன்றே உயிரிழந்தார். (அந்த உடைக்கோ, அதை நம்பிக்கையோடு அணியும் மக்களுக்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைப் பிள்ளைகள் மனத்தில் கொள்ள வேண்டும். சந்தேகம் வராத உடை எதுவோ அதைக் கொலைகாரன் தேடிக்கொள்கிறான்.)

அன்று நான் பாதை ஆய்வுக்காகச் சித்தூர் நிலையத்தில் இருந்தேன். பிற்பகலில் வெளியே டீ குடிக்கப் போனபோது கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துக்கொண்டே, "மேயரம்மாவை ஆபீஸ்லயே சுட்டுட்டாங்க சார்" என்றார். அவர் கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு இரண்டு வாரம் முன்புதான் மனு கொடுத்திருந்தாராம். அந்த ஊர்க்காரருக்கு மேயர் என்பவர் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள். அந்த ஆளைத்தான் நாற்காலியிலேயே கொன்றுவிட்டார்கள்.

வழக்கில் முதன்மைக் குற்றவாளி வெளியாள் அல்லர். மோகனின் நெருங்கிய உறவினர். குடும்பப் பகையும் பணத் தகராறும் அரசியல் போட்டியும் சேர்ந்த கொலை என்பது வழக்கின் சாரம். 2025 அக்டோபர் 24 அன்று சித்தூர் நீதிமன்றம் ஐந்து பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. அக்டோபர் 31 அன்று ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும் என்பது சட்டம். முதல் தீர்ப்புக்கே பத்தாண்டு. 17 நாள்தான் குறைவு. அலுவலக நேரத்தில், பலர் முன்னிலையில் நடந்த கொலைக்கே இவ்வளவு காலம் என்றால், தொலைபேசியில் வந்த மிரட்டலுக்கு எந்தப் பெண் வழக்குப் போட்டுக் காத்திருப்பாள்?

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அனுராதாவின் மருமகள் ஹேமலதா பின்னர் அதே மாநகராட்சியின் மேயர் பொறுப்பை ஏற்றார். மாமியார் கொல்லப்பட்ட அலுவலகத்துக்குத் தினமும் போய் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்திட எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவும்.

4. வன்முறையின் மூன்று வழிகள்

இங்கே ஒரு கேள்வி எழும். சித்தூரில் நடந்தது குடும்பப் பகை என்றால், அதைப் பெண்களுக்கு எதிரான அரசியல் வன்முறை என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்வி. ரயில்வேயில் விபத்து விசாரணை நடக்கும்போது, "தண்டவாளம் உடைந்தது" என்று எழுதி முடிக்க மாட்டோம். எதனால் உடைந்தது, யார் பார்த்திருக்க வேண்டும், ஏன் பார்க்கவில்லை என்று பிரித்துப் பிரித்துக் கேட்போம். அதே முறையில் பார்த்தால், பதவியிலுள்ள பெண்ணை நோக்கி வன்முறை மூன்று வழிகளில் வருவதாக எனக்குத் தோன்றுகிறது.

முதல் வழி, அவர் செய்யும் வேலையால் வருவது. மதுரை மாநகராட்சியின் வில்லாபுரம் பகுதி உறுப்பினர் லீலாவதி இதற்கு எடுத்துக்காட்டு. மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த அவர் 1996 அக்டோபர் தேர்தலில் வென்றார். தம் பகுதிக்குக் குழாய்க் குடிநீர் வேண்டும் என்று போராடினார். காசுக்குத் தண்ணீர் விற்றவர்களின் வருமானத்துக்கும், உள்ளூர்க் கும்பலின் ஆதிக்கத்துக்கும் அது இடைஞ்சலாயிற்று. பதவிக்கு வந்து ஆறே மாதம். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் சும்மா இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார். சும்மா இருக்க மறுத்ததே குற்றமாயிற்று.

இரண்டாம் வழி, நாட்டின் சூழலால் வருவது. யாழ்ப்பாண மாநகர மேயர் சரோஜினி யோகேஸ்வரனை நம்மில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் அறிவார்கள். அவருடைய கணவர், நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த யோகேஸ்வரன், 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அமிர்தலிங்கத்தோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1998இல் சரோஜினி யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயரானார். அதே ஆண்டு மே 17 அன்று தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த மேயர் பொன். சிவபாலனும் அதே ஆண்டு செப்டம்பரில் குண்டுவெடிப்பில் பலியானார். அங்கே ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அந்த நாற்காலியே ஆபத்தாயிருந்தது.

மூன்றாம் வழி, வீட்டு வழியாக வருவது. ஓர் ஆண் அரசியலுக்கு வரும்போது தன் பகையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறான். ஒரு பெண் வரும்போது கணவன், அண்ணன், மாமன் என்று சுற்றத்தாரின் பகைகளும் அவள் தலையில் ஏறிவிடுகின்றன. குடும்பத்தில் யார் பெரியவர் என்ற சண்டைக்கு அவள் பதவி பந்தயப் பொருளாகிவிடுகிறது. சித்தூரில் நடந்தது இந்த வழியைச் சேர்ந்தது என்று நான் கருதுகிறேன். பகை யாருக்கு யாரோடு இருந்தாலும், மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் மேயரின் அறையில் கொல்லப்பட்டார். ஆகவே அது பொதுவாழ்வின் மீது விழுந்த அடிதான்.

இந்த மூன்றாம் வழிக்கு நெருங்கிய உறவுள்ள வழக்கம் ஒன்று உண்டு. மனைவி தலைவர், நாற்காலியில் கணவன். வடக்கே இதற்குப் 'பிரதான் பதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதை ஆராய 2023இல் ஒரு குழு அமைத்தது. இப்படி மனைவியின் பதவியை நடத்தும் ஆண்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. கணவன் நடத்தும் பதவியில் வரும் லாபம் கணவனுக்கு; கையெழுத்துக்கான பொறுப்பும் வரும் பகையும் மனைவிக்கு. இதைவிட அநியாயமான பங்கீடு உண்டா?

5. திருப்பதி சொல்வது

சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் திருப்பதி. 2007இல் அது மாநகராட்சியாயிற்று. ஆனால் முதல் தேர்தல் நடந்தது 2021 மார்ச்சில். இடையில் 14 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை; அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். இடஒதுக்கீடு சட்டப் புத்தகத்தில் இருந்தது. உட்கார இடம் இல்லை. பெண்களின் பங்கைப் பறிக்கத் துப்பாக்கி வேண்டியதில்லை, தேர்தலை நடத்தாமல் விட்டாலே போதும் என்பதற்குத் திருப்பதி சாட்சி. 2021இல் மேயரானவர் ஒரு பெண் மருத்துவர், சிரிஷா.

2025 பிப்ரவரி 3 அன்று அங்கே துணை மேயர் தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. மன்ற உறுப்பினர்கள் வந்த பேருந்து வழிமறிக்கப்பட்டது, கண்ணாடிகள் உடைந்தன. தேர்தல் மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. எந்தக் கட்சி செய்தது, எந்தக் கட்சி தூண்டியது என்ற வழக்காடலுக்குள் நான் போகவில்லை. ஒவ்வொரு கட்சியும் அடுத்த கட்சியைக் கைகாட்டும். அந்தப் பேருந்தில் பெண் உறுப்பினர்களும் இருந்தார்கள். வாக்களிக்கப் போகும் வழியில் கண்ணாடித் துண்டுகள் மடியில் விழுந்தால், அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து பெண் வருவாளா என்பதுதான் என் கவலை.

அதே ஆண்டு செப்டம்பர் 14, 15 தேதிகளில் அதே திருப்பதியில், நாடாளுமன்றம், சட்டமன்றங்கள் ஆகியவற்றின் மகளிர் மேம்பாட்டுக் குழுக்களின் முதல் தேசிய மாநாடு கூடியது. பெண்களின் தேவையைக் கணக்கில் கொண்டு வரவுசெலவுத் திட்டம் போடுவது பற்றியும், புதிய தொழில்நுட்பங்கள் பெண்களுக்குக் கொண்டுவரும் சவால்கள் பற்றியும் பேசினார்கள். 'திருப்பதித் தீர்மானம்' நிறைவேறியது. நல்ல காரியம். அந்த மாநாடு முடிந்து 46 நாளில் சித்தூரில் மேயர் கொலை வழக்கின் தண்டனை வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஒன்று நாம் போக விரும்பும் ஊரின் பெயர்ப்பலகை. மற்றொன்று வழியில் இருக்கும் பள்ளம்.

அதே 2025 செப்டம்பரில், பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தை அரசியல் கட்சிகளுக்கும் பொருத்த வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கட்சியில் உழைப்பது வேலைவாய்ப்பு ஆகாது என்பது காரணம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் தொல்லைக்குள்ளான கட்சித் தொண்டர் பெண் எந்தக் கதவைத் தட்டுவது?

6. கண்ணுக்குத் தெரியாத அடி

கொலை செய்தியில் வருகிறது. செய்தியில் வராதது அதைவிட அதிகம். நாடாளுமன்றங்களின் அனைத்துலக ஒன்றியம் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்டதில், நூற்றுக்கு 81 பேருக்கு மேல் மன ரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். கொலை, வன்புணர்ச்சி, அடி, கடத்தல் என்று மிரட்டப்பட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர். நாடாளுமன்றம் வரை வந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், கிராமத்து வார்டு உறுப்பினர் எம்மாத்திரம்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1996இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. காட்பாடிப் பக்கத்தில் எங்கள் கிராமத்தின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. என் அக்கா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பால் சங்கத்துக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதியவர். ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "நீதான் நிக்கணும்" என்றார்கள். அக்காவுக்கும் ஆசை. பாகாலாவிலிருந்த எனக்குக் கடிதம் எழுதினார்: "தம்பி, நீ என்ன சொல்றே?"

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையில் ஒருவர் என் காதில் விழும்படியே, "பொம்பளைய நிக்க வெச்சுட்டு வீட்டுல நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்றார். அவ்வளவுதான். யாரும் கத்தி எடுக்கவில்லை. நான் வீட்டுக்குள் போய், "நமக்கு எதுக்கு அக்கா இந்த வம்பு?" என்றேன். அத்தானும் தலையாட்டினார். அக்கா ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் இருந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பி வைத்தார். வேறொருவரின் மனைவி நின்று வென்றார். ஐந்தாண்டும் முத்திரையும் காசோலைப் புத்தகமும் அவர் கணவரின் சட்டைப்பையிலேயே இருந்தன.

ஆறு மாதம் கழித்து லீலாவதி கொலைச் செய்தி வந்தது. நான் அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி, "பார்த்தாயா அக்கா, நான் சொன்னது சரிதானே" என்று எழுதி அனுப்பினேன். அக்காவிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "அந்தம்மா ஊருக்குத் தண்ணி வந்துச்சா?"

என்னால் பதில் எழுத முடியவில்லை. தெருமுனையில் நின்றவர் எறிந்த கல்லை அக்காவின் மீது கொண்டுபோய்ப் போட்டவன் நான்தான் என்று அன்று புரிந்தது. மிரட்டுகிறவன் வெளியே இருக்கிறான். அவன் மிரட்டலை வீட்டுக்குள் கொண்டுவந்து, பாசம் என்ற பெயரில் நிறைவேற்றுகிறவர்கள் நாம்.

7. பிற நாடுகளில்

நாடு மாறினால் இந்தத் தொல்லை நீங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் 2016 ஜூன் 16 அன்று, தொகுதி மக்களைச் சந்திக்க வந்த இடத்தில் கொல்லப்பட்டார். பிரேசிலில் ரியோ நகர மன்ற உறுப்பினர் மரியெல் பிராங்கோ 2018 மார்ச் 14 அன்று காரில் போகும்போது ஓட்டுநரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் வாழும் இந்த நாட்டிலேயே, மினசோட்டா மாநில மக்களவையின் சபாநாயகராயிருந்த மெலிசா ஹார்ட்மனும் அவர் கணவர் மார்க்கும் 2025 ஜூன் 14 அன்று தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வந்தவன் போலீஸ்காரன் உடையில் வந்தான். சித்தூரில் பர்தா, மினசோட்டாவில் காக்கிக்கு ஈடான சீருடை. இரண்டு இடத்திலும் கணவனும் மனைவியும். படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

பொலிவியா நாடு வேறொன்றைக் காட்டுகிறது. அன்கொரைமஸ் என்ற சிற்றூரின் மன்ற உறுப்பினர் ஹுவானா கிஸ்பே, பதவியில் இயங்கவிடாமல் தொல்லைப்படுத்தப்பட்டு, 2012 மார்ச்சில் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே மாதமே அந்நாடு, பெண்களுக்கு எதிரான அரசியல் தொல்லையையும் வன்முறையையும் தனிக்குற்றமாக்கும் 243ஆம் எண் சட்டத்தை இயற்றியது. பதவி விலகும்படி நெருக்குவது, தகவலை மறைப்பது, கூட்டத்துக்கு வரவிடாமல் தடுப்பது என்று சிறிய தொல்லைகளுக்கும் அதில் பெயர் உண்டு. இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. பெயர் இல்லாத குற்றத்துக்குப் புகார் எழுதுவது எப்படி?

8. கைகாட்டி மரம் சொல்லும் வழி

பழைய ரயில் நிலையங்களில் கைகாட்டி மரம் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து கம்பியால் இழுத்து அதை இயக்குவார்கள். கம்பி அறுந்தால் என்ன ஆகும்? அதில் கட்டியிருக்கும் எடை, கையைத் தானாகவே 'நில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பழுது நேர்ந்தால் பாதுகாப்பின் பக்கம் விழ வேண்டும் என்பது அதை அமைத்தவர்களின் எண்ணம். நம் உள்ளாட்சி அமைப்பில் பெண்களுக்கான ஏற்பாடு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. எங்காவது பழுது நேர்ந்தால் பெண் வீட்டுக்குப் போகிறாள், வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத் திருத்த என் சிற்றறிவுக்கு எட்டிய ஐந்து யோசனைகள்:

ஒன்று: மக்கள் வந்து போகும் மேயர் அறையைப் பூட்ட முடியாது, பூட்டவும் கூடாது. ஆனால் வாசலில் வருகைப் பதிவேடு, சோதிக்க ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகக் காவலர்கள், மேசைக்குக் கீழே அழைப்பு மணி ஆகியவற்றுக்கு ஒரு தெருவிளக்குத் திட்டத்தின் செலவு கூட ஆகாது.

இரண்டு: பெண் பிரதிநிதி கொடுக்கும் மிரட்டல் புகாருக்கு இத்தனை நாளில் பதில் என்று வரையறுக்க வேண்டும். நாள் கடந்தால் புகார் தானாகவே மேலிடத்துக்குப் போக வேண்டும். அதுதான் கைகாட்டியில் கட்டிய எடை.

மூன்று: மன்றக் கூட்டத்தில் உறுப்பினரின் கணவருக்கு நாற்காலி போடக்கூடாது. இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை; நாற்காலியை எடுத்தால் போதும்.

நான்கு: தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்த வேண்டும். திருப்பதியின் 14 ஆண்டுகள் மீண்டும் வரக்கூடாது.

ஐந்து: தேர்ந்தெடுக்கப்பட்டவர் மீதான வன்முறை வழக்குகளை விரைவாக முடிக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் தண்டனையைக் கண்டு எந்த ரவுடியும் இன்று பயப்பட மாட்டான்.

9. அக்கா சொன்னது

சித்தூர்த் தீர்ப்பு வந்த வாரம் அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். மகள் தேர்தலில் நிற்கும் பேச்சைச் சொன்னேன். மினசோட்டா செய்தியையும் சொன்னேன். 1996இல் நான் செய்தது தவறு என்பதையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அதெல்லாம் இப்ப எதுக்குடா? அவளை நிக்கச் சொல்லு. ஆனா தனியா நிக்க விடாதே" என்றார்.

அன்று திண்ணைக்கு வந்த பத்துப் பெண்களும் ஓட்டுக் கேட்க உடன் வந்திருப்பார்கள். நானும் அத்தானும் கூட நின்றிருந்தால், தெருமுனையில் பேசியவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். பாதுகாப்பு என்பதில் பாதி காவல்துறை. மீதி, பக்கத்தில் நிற்கும் ஆட்கள். மகளிடம் அத்தை சொன்னதைச் சொன்னேன். "நீங்க கூட வருவீங்களா அப்பா?" என்று கேட்டாள். துண்டுப் பிரசுரம் கொடுக்க வீடு வீடாக நடக்க வேண்டுமாம். தண்டவாளத்தின் மேல் 37 ஆண்டு நடந்த கால்கள், நடக்கும் என்றேன்.

அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. அனுராதா, லீலாவதி, சரோஜினி ஆகியோர் பெயர்கள் அது பொய்யில்லை என்று காட்டுகின்றன. ஆனால் அந்த அச்சத்தின் சுமையைப் பெண் மட்டும் சுமக்க வேண்டும் என்பது நியாயமில்லை. அதைக் குடும்பமும் ஊரும் அரசும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு கலந்து பேசச் சில வினாக்கள்

1. உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் ஊராட்சித் தலைவராகப் பெண் யாரேனும் இருந்திருக்கிறாரா? அவர் செய்த ஒரு பணியைக் கேட்டு எழுதுக.

2. வன்முறை வரும் மூன்று வழிகளில், அரசு எளிதில் தடுக்கக் கூடியது எது? குடும்பம் தடுக்கக் கூடியது எது?

3. உங்கள் வீட்டுப் பெண் பொதுப்பணிக்குப் போக விரும்பினால், முதல் நாளில் வீட்டார் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய உதவி என்ன? பெயர் போட்டுப் பட்டியல் எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு எங்கள் வீட்டில் பதில் எழுதியாகிவிட்டது. முதல் பெயர் என்னுடையது.